அசைவின் மேல் அசைவு: கீஃபிரேமும் லேயரும்

கீஃபிரேம் முறையில் உருவத்தின் முக்கிய நிலைகளை அனிமேட்டர் குறித்துக் கொடுக்கிறார். இடைப்பட்ட நிலைகளை மென்பொருள் நிரப்புகிறது. கையால் வரைந்த காலத்தில் இந்த இடைப் படங்களை உதவி ஓவியர்கள் வரைந்தார்கள். அந்த வேலையைக் கணினிக்கு மாற்றும் வழியை 1970-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கனடா தேசிய ஆராய்ச்சிக் கழகத்தில் நெஸ்டர் பர்ட்னிக்கும் மார்செலி வைனும் உருவாக்கினார்கள். பீட்டர் ஃபோல்டெஸின் 'பசி' குறும்படம் (1974) அப்படித்தான் பிறந்தது. ஆனால் உதவி ஓவியருக்குத் தெரிந்த ஒரு விஷயம் கணினிக்குத் தெரியாது: உருவம் தூக்கும் பொருளின் எடை.

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கத்துத் தோல் ஷாப்களில், அதாவது தோல் பதனிடும் ஆலைகளில், அன்றாடம் நடக்கும் வேலை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். தொழிலாளி ஒருவர் டிரம்மிலிருந்து ஈரத்தோலை இழுத்துத் தோளில் போடுகிறார். குனிதல், பிடித்தல், தோளில் ஏற்றுதல் என்று மூன்று கீ மட்டும் வைத்தால், இடையே மென்பொருள் வழவழப்பான ஒரு கர்வை (அசைவின் வளைகோட்டை) ஓட்டிவிடும். தோல் காகிதம்போல் எழும்பும். உண்மையில் முதலில் நகர்வது இடுப்பு. முழங்கால் ஊன்றி, முதுகு பின்னே சாய்ந்து, கை விறைத்த பிறகும் தோல் சில ஃபிரேம்கள் அசையாமல் கிடக்கும். பிறகு சட்டென்று விடுபடும். கர்வைத் திருத்தும் கிராஃப் எடிட்டரில் தோலின் கர்வ் முதலில் தரையோடு படுத்து, பின்பு செங்குத்தாக ஏற வேண்டும். விநாடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் அந்தத் தயக்கம் கால் விநாடிகூட இராது. எடை தெரிவது அங்கேதான். வேலூர் விஐடி பல்கலைக்கழகத்தில் மல்டிமீடியா அனிமேஷன் படிக்கும் மாணவர் பேருந்தில் போய்வரும் தூரத்தில் இந்த அசைவு நேரில் நடக்கிறது. எந்தப் பயிற்சி வீடியோவும் அதற்கு ஈடாகாது.

லேயர் முறை இதற்கு அடுத்த படி. அடிப்படை நடையைத் தொடாமல், அதன் மேல் இன்னொரு அடுக்கில் தோள் சாய்வையோ தலைத் திருப்பத்தையோ சேர்க்கலாம். பிடிக்காவிட்டால் அந்த அடுக்கை மட்டும் அணைக்கலாம், வேண்டிய அளவு குறைக்கலாம். ஒரே நடையிலிருந்து களைத்தவர், அவசரக்காரர், நொண்டுபவர் என்று பலரை எடுக்க முடிவதால் நேரம் பெரிதும் மிச்சமாகிறது. இயக்குநர் கடைசி நேரத்தில் திருத்தம் கேட்டாலும் பழைய வேலை அழியாது.

பெரிய குறை என்னவென்றால், லேயர் கோணத்தையும் இடத்தையும் கூட்டுகிறது, நேரத்தைக் கூட்டுவதில்லை. சுமையோடு நடப்பது வெறும் நடையுடன் பத்து டிகிரி சாய்வைச் சேர்த்தது அல்ல. அடி குறுகும், இரு பாதமும் தரையில் இருக்கும் நேரம் நீளும், இடுப்பு தாழும். நேரத்தை நீட்டிச் சுருக்கத் தனிக் கருவிகள் இருந்தாலும் அவை பெரும்பாலும் உடல் முழுவதையும் சேர்த்தே நீட்டுகின்றன. மேல் அடுக்கில் இடுப்பை நகர்த்தினால் எஃப்கே கால்கள் (இடுப்பிலிருந்து மூட்டு மூட்டாகச் சுழற்றப்படுபவை) தரையில் வழுக்கும்; ஐகே கால்களின் (பாதத்தின் இடத்தை வைத்து மடக்கம் கணக்கிடப்படுபவை) பாதம் நிற்கும், ஆனால் கால் முழுதாக நீளும்போது முழங்கால் வெடுக்கென்று துள்ளும்.

நடிகரின் அசைவைப் பதிவு செய்யும் மோஷன் கேப்சரில் லேயரைத் தவிர்ப்பது கடினம். அங்கே ஒவ்வொரு ஃபிரேமிலும் கீ இருப்பதால் அடித்தளத்தை நேரடியாகக் கையால் திருத்துவது மிகக் கடினம். சௌந்தர்யா ரஜினிகாந்த் இயக்கி 2014 மே 23-இல் வெளியான 'கோச்சடையான்' தமிழில் இந்தத் தொழில்நுட்பத்தை முழுநீளப் படத்தில் துணிந்து முயன்றது. 2009-இல் மறைந்த நடிகர் நாகேஷையும் திரையில் நடமாடவிட்டது. அந்தத் துணிவு மதிக்கத்தக்கது. உருவங்கள் விறைப்பாக நகர்கின்றன என்று அப்போது எழுந்த விமர்சனமும் நியாயமே. நடிகரின் உடலசைவு பதிவானாலும், விரல், விழி, துணியின் கனம் ஆகியவற்றை அதன் மேல் அனிமேட்டர்தான் கட்டியெழுப்ப வேண்டும்.

அடுக்குகள் பெருகினால் வேறொரு சிக்கல் வருகிறது. ஒரு முழங்கை மடக்கம் எந்த லேயரிலிருந்து வருகிறது என்று தேடுவதே வேலையாகிவிடும். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்தால் பெரும்பாலும் ஃபிரேமுக்கு ஒரு கீ விழுந்து, கர்வ் கையாள முடியாததாகிறது. ஆகவே எடையும் நேரமும் அடித்தளத்திலேயே தீர்ந்த பிறகு, பெயரிட்ட இரண்டு மூன்று லேயர்களில் திருத்தங்களை மட்டும் வைப்பதே ஏற்கத்தக்க வழக்கம். தோல் சுமப்பவரின் நடையை அடித்தளத்திலேயே தனியாக அனிமேட் செய்வது கூடுதல் வேலைதான். அந்த வேலையை லேயரால் மிச்சப்படுத்த முடியாது.