‘ஆக்கிரமிப்பு’: ஒரு சொல்லும் ஒரு வழக்கும்

1961 டிசம்பர் 18 அன்று புணேயை அடுத்த லோஹேகாவ் தளத்திலிருந்து சென்ற கான்பெரா விமானங்கள் கோவாவின் தாபோலிம் ஓடுபாதையில் குண்டு வீசின. மறுநாள் போர்ச்சுகீசியர் சரணடைந்தனர். இந்தியக் குடியுரிமையை ஏற்காத பாதிரியார் மொந்தேரோ, கோவா அயற்படையின் பிடியிலுள்ள நிலமே என்றும், 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை தமக்குப் பொருந்தும் என்றும் வழக்காடினார். நில இணைப்பினால் அப்பாதுகாப்பு நீங்காது என்கிறது அதன் 47ஆம் பிரிவு. போர் ஓயுமுன் செய்யப்படும் இணைப்பையே அப்பிரிவு குறிக்கும் என விளக்கி, 1969இல் உச்சநீதிமன்றம் வாதத்தைத் தள்ளியது. போர்ச்சுகல் இணைப்பை ஏற்றது 1974இல்தான் ஆதலின், இவ்விளக்கம் விவாதத்திற்குரியதே.

இத்தகைய நிலைக்குத் தமிழில் பெரிதும் வழங்கும் சொல் ‘ஆக்கிரமிப்பு’. நடைபாதைக் கடைக்கும் அதே சொல்தான்! 1907ஆம் ஆண்டு ஹேக் விதிகளிலோ அது பழிச்சொல் அன்று. பகைப்படையின் அதிகாரம் நிலவும்வரை நீடிக்கும் தற்காலிக நிலை. நிலையைப் பழியாக்கினால் அதற்கு முடிவு இராது. ஜெர்மனியின் ‘ரைக்ஸ்பியூர்கர்’ குழுவினரிடம் இதனைக் காணலாம். நேசநாடுகள் தம் உரிமைகளை 1990ஆம் ஆண்டு ஒப்பந்தத்தில் கைவிட்ட பின்னரும், நாடு அவர்கள் பிடியிலேயே உள்ளது என்பர். ஹேக் விதிகளையே சான்று காட்டுவர். மறுக்கும் நீதிமன்றமும் சதியின் உறுப்பே என்பர். மொந்தேரோ நாடியதோ நீதிமன்றத்தின் விடையை. சட்டத் தமிழில் இந்நிலைக்குப் ‘படைவசம்’ என்பதே பொருந்தும் எனத் தோன்றுகிறது. ‘ஆக்கிரமிப்பு’ அத்துமீறலை மட்டும் சுட்டி நிற்கலாம்.