சிறைப்பட்டியலும் தீர்மானப் புத்தகமும்: ஆசிரியர் சங்க வரலாற்றில் பெண் தலைமை (விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை முன்வைத்து)

முன்னுரை

தமிழக ஆசிரியர் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் வேலைநிறுத்தங்களின் வரலாறாகவே எழுதப்படுகிறது. சிறை சென்றோரும் மாநிலப் பொறுப்பு வகித்தோருமே அதில் தலைவர்களாக முன்னிற்கின்றனர். இவ்வளவுகோல் பெண்களின் நெடுங்காலச் சங்கப் பணியை எவ்வாறு மறைக்கிறது என்பதை இக்கட்டுரை விவாதிக்கிறது.

அரசு வகுத்த பட்டியல்

2003 ஜூலையில் தமிழக அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டி.கே. ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியர்க்கு வேலைநிறுத்த உரிமை இல்லை என்றது. நிபந்தனையற்ற மன்னிப்பும், 1973ஆம் ஆண்டு நடத்தை விதிகளின் 22ஆம் விதிக்குக் கட்டுப்படுவதாக உறுதிமொழியும் அளித்துப் பெரும்பாலோர் பணிக்குத் திரும்பினர். கைதானோரும் வழக்குப் பதியப்பட்டோரும் தனிப் பிரிவாக வைக்கப்பட்டனர்.

இங்கு ஒன்றைக் கருத வேண்டும். கைதானோர், மன்னிப்பு எழுதியோர் என்னும் பகுப்பு அரசு தன் நடவடிக்கைக்காக வகுத்தது. சிறையையே தலைமைக்குச் சான்றாகக் கொள்ளும் சங்க வரலாறு, தான் எதிர்த்த அரசின் பட்டியலையே தன் பட்டியலாக ஏற்கிறது. மன்னிப்புக் கடிதத்தில் கையெழுத்திட்டுப் பள்ளிக்குத் திரும்பி, அச்சத்தில் விலகிய உறுப்பினரை மீண்டும் சேர்த்து, சந்தா திரட்டிக் கிளையை நிமிர்த்துவதும் தலைமைப் பணியே. அதற்கு அப்பட்டியலில் இடமில்லை.

வட்டாரமும் தொலைவும்

1993 செப்டம்பர் 30 வரை விழுப்புரமும் திண்டிவனமும் தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தன, தலைநகர் கடலூர். மாவட்டப் பிரிவினைக்குப் பின் திண்டிவனத்தார்க்கு மாவட்டத் தலைநகர் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் வந்தது. இது வெறும் நிர்வாகச் செய்தியன்று. பள்ளி முடிந்து மாலையில் கூடும் மாவட்டக் குழுவில் அமர்ந்து இரவுப் பேருந்தில் வீடு திரும்ப இயல்பவரே மாவட்டப் பொறுப்பை ஏற்க முடியும். சமையலும் குழந்தை வளர்ப்பும் பெண்ணின் கடமையாகவே நீடிக்கும் குடும்ப அமைப்பில், இவ்விதி எவரை வட்டாரக் கிளையோடு நிறுத்தும் என்பது வெளிப்படை. உள்ளாட்சியில் பெண்களுக்குச் சட்டம் இடம் ஒதுக்கியது. சங்கப் பொறுப்புகளுக்கு அத்தகைய சட்டக் கட்டாயம் ஏதுமில்லை. பெண்களுக்கென 'மகளிர் அணி' அமைப்பது இடமளிப்பதுபோல் தோன்றினும், பொதுத் தலைமை ஆண்களுடையது என்பதை அதுவே உறுதிசெய்துவிடவும் கூடும்.

சிகாகோ தரும் ஒப்பீடு

1897இல் தோன்றிய சிகாகோ ஆசிரியர் கூட்டமைப்பு தொடக்கப்பள்ளி ஆசிரியைகளின் அமைப்பு. அதனை வழிநடத்திய மார்கரெட் ஹேலி, பெருநிறுவனங்கள் செலுத்தாது விட்ட வரியை எதிர்த்து வழக்காடினார். 1902இல் கூட்டமைப்பு நகரத் தொழிலாளர் சம்மேளனத்தில் இணைந்தது. 1939இல் மறைந்த அவரது தன்வரலாறு 1982இல் நூலாயிற்று. இவர் வரலாற்றில் நிலைத்ததற்குக் காரணங்கள் இரண்டு: பெண்களே பொதுத் தலைமை வகித்த அமைப்பு, அவரே விட்டுச் சென்ற பதிவு. ஆற்றல் மட்டுமே ஒருவரை வரலாற்றில் நிறுத்துவதில்லை என்பதற்கு இது சான்று.

முடிவுரை

வேலைநிறுத்தங்களைக் கொண்டு காலப்பகுப்பு செய்யும் வரலாறு, இரு வேலைநிறுத்தங்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளை வெற்றிடமாக்குகிறது. அவ்வாண்டுகளில் சங்கத்தைத் தாங்கியவர் எவர் என்பதற்கு வட்டாரக் கிளைகளின் தீர்மானப் புத்தகங்களும் சந்தா ரசீதுகளும் வாய்மொழிச் சான்றுகளும் முதன்மை ஆதாரங்களாக வேண்டும். ஓய்வு வயது 60 எனக் கொண்டால், 2003இல் 40 வயதினராக இருந்தோர் 2023இலேயே பணி நிறைவு செய்துவிட்டனர். வீட்டுப் பரணில் கிடக்கும் தீர்மானப் புத்தகம் நெடுநாள் காத்திராது. விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் இத்தொகுப்புப் பணியைத் தாமதமின்றித் தொடங்குவது பல்கலைக்கழக ஆய்வாளரின் பொறுப்பாகும்.