நடுமுற்றத்துக் கடல்

அரியாலைக் கடனீரேரிக் கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த வலையைத் தெரியும். காற்று எழும்ப முந்திய காலை நேரம், முழங்காலளவு தண்ணீரில் நின்று குனிந்தால், மணலில் வெளிச்சத்தால் பின்னிய வலையொன்று நடுங்கிக்கொண்டிருக்கும். அதன் கண்கள் விரிந்து, சுருங்கி, பக்கத்துக் கண்ணோடு ஒட்டி, அறுந்து, மறுபடி முடிச்சிட்டுக்கொள்ளும். மேலே ஓடும் ஒவ்வொரு சிற்றலையும் ஒரு வில்லையாகி வெயிலைக் குவிப்பதால் வரும் கோலம் அது. களங்கட்டி வலைக்குத் தப்பிய மீனும் இந்த வலைக்குள் நீந்தும்போது, முதுகில் வரி விழுந்து, ஒரு கணம் அகப்பட்டதுபோல் தெரியும்.

அந்த வலையை வீட்டுக்குள் விழுத்தும் ஆசையில்தான் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். "யன்னலுக்குப் பக்கத்தில மட்டும் வைச்சிடாதையுங்கோ அண்ணை, பாசி பிடிச்சுப் போகும்" என்று சொல்லித்தான் கண்ணாடியைத் தந்தார் கடைக்காரர். நான் யன்னலுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை. எங்கள் வீடு பழைய நாற்சார். தொட்டி, கூரையே இல்லாத நடுமுற்றத்தில் ஏறிக்கொண்டது.

இது என் கிறுக்கு மட்டுமல்ல. ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்பு இதழொன்றில் தன் முறையை விளக்கினார். கடல்நீர், உயிர் குடியிருக்கும் கல், மெல்லிய காற்றுக் குமிழ், வெயில், அவ்வளவுதான். அவுஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில் நகரில் 1987இல் திறந்த பெருந்தொட்டி 25 இலட்சம் லீற்றர் நீரோடு வானம் பார்த்தே இருந்தது. குளிர்நாட்டவர் விளக்குக்குக் காசு கொட்டி உண்டாக்கும் பகலை எங்களுக்கு ஆகாயம் சும்மா தருகிறது.

சும்மா வருவதை அளந்து வாங்குவதில்தான் வித்தை. தொட்டியில் நான் வளர்க்கும் முருகையின், அதாவது பவளத்தின், சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. அது வெயிலில் சமைத்து, பெரும் பங்கை வீட்டுக்காரருக்கு வாடகையாகக் கொடுக்கிறது. வெயிலும் சூடும் மிஞ்சினால் அதே பாசி நஞ்சைச் சுரக்கத் தொடங்கும். முருகை அதை வெளியே தள்ளிவிட்டு வெளிறிப்போய் நிற்கும். 1998இல் கடல் சூடேறியபோது இலங்கையின் முருகைக்கற்பார்கள் பலவும் இப்படித்தான் வெளிறிச் செத்தன. எங்கள் உச்சி வெயிலோ மென்முருகைகளுக்குத் தொட்டி விளக்குத் தரும் வெளிச்சத்தைப்போல் பத்து மடங்குக்கு மேல். ஆகவே தொட்டிக்கு மேல் முதலில் இரண்டு அடுக்குக் கிடுகு. பிறகு ஒன்று. பிறகு அதிலும் சில ஓலையை விலத்தி. புது நாற்றுக்கு ஓலை குத்தி, வேர் பிடித்த பிறகு ஒவ்வொன்றாய் எடுக்கும் தோட்டக்காரனின் கணக்கு இது. கிடுகு இடுக்கால் விழும் பொட்டு ஒவ்வொன்றும் வட்டமாக இருக்கும். இடுக்கின் வடிவம் என்னவானாலும் அது சூரியனின் படம்தான். அந்தப் பொட்டுகள் கல்மேல் ஊர்ந்துபோவதைப் பார்த்தே நேரம் சொல்லலாம்.

விளக்கில் வளர்த்தவர்கள் இந்தத் தொட்டியைக் கண்டால் முதலில் ஏமாறுவார்கள். நீல விளக்கின் கீழ் முருகை பச்சையும் செம்மஞ்சளுமாக எரியும். நீலத்தை விழுங்கி வேறு நிறமாக உமிழும் புரதத்தின் வேலை அது. வெயிலில் எல்லா நிறமும் சேர்ந்து வருவதால் அந்த எரிப்பு அடங்கிவிடும். மண்ணிறம், சாம்பல், பாலேறிய பச்சை என்று ஊர்ச் சேலைபோல் நிற்கும். ஒரு மணித்தியாலம் இருந்து பாருங்கள். முகில் ஒன்று கடந்தால் தொட்டி முழுதும் மங்கி, திரும்பத் துலங்கும். பின்னேரம் மஞ்சள் வெயில் சாயும்போது, காலையில் கண்ணில் படாத ஊதா ஒன்று தோல்முருகையின் விளிம்பில் எழும்பும். விளக்கு ஒரே இராகத்தை ஒரே சுருதியில் பிடித்து நிற்கும்; வெயில் பாடிக்கொண்டே போகும்.

கடைக்காரர் சொன்னதிலும் பிழையில்லை. பாசி பிடிக்கத்தான் செய்தது. ஆனால் வெயிலைவிடக் கிணற்றைத்தான் குறை சொல்ல வேண்டும். ஆவியாகும் நீருக்கு ஈடாக நான் ஊற்றியது கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கல் நிலத்தில் தோட்டத்து உரம் வடிந்து இறங்குவதால் பல கிணறுகளில் நைத்திரேற்று அதிகம். பாசிக்கு அதைவிட வேறு விருந்து இல்லை. மழைத்தண்ணீர் பிடித்து ஊற்றத் தொடங்கிய பிறகு கண்ணாடி தெளிந்தது. சூட்டுக்கு ஒரு சின்ன மின்விசிறி; நீர்மட்டத்தில் காற்று ஓடினால் இரண்டு மூன்று பாகை இறங்கும். 2022 மார்ச் முடிவில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரத்தை நிறுத்தியபோது அந்த விசிறியும் நின்றது. கிடுகை இரட்டிப்பாக்கி, பற்றரியில் குமிழ் விட்டுச் சமாளித்தேன். வெளிச்சத்துக்கு மட்டும் குறை வரவில்லை.

உயிரோடுள்ள கல்முருகைகள் என்னிடம் இல்லை. அவை இலங்கையில் சட்டத்தின் காவலில் இருப்பவை. கடலில் ஒரு கிளையையும் ஒடிக்கக்கூடாது. என்னிடம் இருப்பவை கல்லாகாத இனங்கள், பிறர் தொட்டிகளில் வளர்ந்து பிரித்தெடுத்த துண்டுகள். அவை பற்றியிருக்கும் கல் மட்டும் உண்மையான முருகைக்கல். பின்வளவு மதில் இடிந்தபோது கிடைத்தது. நெடுந்தீவில் வேலியே இந்தக் கல்தான். ஒல்லாந்தர் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டைச் சுவரிலும் இது உண்டு. சாந்தைச் சுரண்டி, மாதக்கணக்கில் ஊறவைத்துத்தான் தொட்டியில் இறக்கினேன்.

நாற்சாரில் வெயில் விழும் கட்டம் ஆண்டு முழுதும் நடந்துகொண்டே இருக்கும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்க, நண்பகல் வெயில் வடக்குத் தாழ்வாரத்தின் ஓரத்தை நாடும். ஆனியில் சூரியன் வடக்கே போய்விட, தெற்குப் பக்கத்தை நாடும். நடுவில் இரண்டு தடவை, சித்திரை வருடப்பிறப்பை ஒட்டியும் ஆகஸ்ட் 28ஐ ஒட்டியும், நேர் உச்சியில் நிற்கும். சித்திரையில் அந்த நேரம் ஏறக்குறைய 12 மணி 10 நிமிடம்.

வருடப்பிறப்பன்று வீட்டார் சாப்பாட்டுக்குக் கூப்பிடக் கூப்பிட, நான் கிடுகைச் சுருட்டி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் தொட்டியடியில் குந்தியிருப்பேன். கல்லின் நிழல் சுருங்கிச் சுருங்கிக் கல்லின் அடிக்குள் போய்விடும். கடனீரேரியில் பார்த்த வலை அப்போது மணலில் கூர்மையாக விழும். மதிற்கல்லின் பழைய பூக்குழிகளில், ஒரு காலத்தில் ஒவ்வொரு முருகையும் குடியிருந்த அந்தச் சின்ன நட்சத்திரங்களில், வெளிச்சம் அடிவரை இறங்கும். இந்தக் கல்லைக் கட்டியதும் இந்த வெயில்தான். பிறகு மேற்குப் பக்கத்துத் தாழ்வாரம் ஒரு விரற்கடை நிழலைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். நான் கிடுகை விரித்துவிட்டுச் சாப்பிடப் போவேன்.