ஆங்கில வழியும் வன்னிப் பிள்ளைகளின் துணிவும்

வவுனியாவிலிருந்து மன்னார் வீதியில் நெளுக்குளம் தாண்டினால் பம்பைமடு. அதற்கும் அப்பால் பூவரசங்குளம். பம்பைமடுவில் இருக்கும் வவுனியாப் பல்கலைக்கழகம் 1991இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது. 1997இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமானது. 2021 ஓகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஊர்ச் சனத்துக்கு அது இன்றும் 'கம்பஸ்'தான். பூவரசங்குளத்துப் பிள்ளைக்கு பஸ்ஸில் எட்டிவிடும் தூரம். ஆனால் பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என எந்தப் பீடத்துக்குள் காலடி வைத்தாலும் படிப்பு ஆங்கிலத்தில். பதின்மூன்று ஆண்டுகள் தமிழில் படித்து, தமிழில் பரீட்சை எழுதித் தேறிய பிள்ளைக்குப் படிப்பின் மொழி ஒரே நாளில் மாறிவிடுகிறது.

ஆங்கில வழியை ஏற்பாடு செய்தவர்கள் வேலைவாய்ப்பையும் நூல்களையும் கருதினார்கள். அது மாணவரின் துணிவை என்ன செய்கிறது என்பது அவ்வளவாகப் பேசப்படாத விடயம். பதினெட்டு, இருபது வயதில் ஒருவர் தன்னைப் பற்றி எடுக்கும் முடிவு லேசில் மாறாது. வகுப்பில் கைதூக்கிக் கேட்டுப் பழகியவரும், கடைசி வாங்கில் இருந்து எழுதி மட்டும் பழகியவரும் நான்கு ஆண்டு முடிவில் ஒரே பட்டத்தோடு வெளியே வந்தாலும் ஒரே ஆட்களாக வருவதில்லை.

முதலில் ஆங்கில வழியின் நியாயத்தைச் சொல்லவேண்டும். 1960களின் தொடக்கத்தில் பேராதனையில் கலைப்பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கியபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகக் கதவு அகலத் திறந்தது. அது பெரிய வெற்றி. ஆனால் பட்டத்துக்குப் பின் வந்த தனியார் துறை அந்த மொழிகளில் ஆள் தேடவில்லை. 2017இல் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தின் முன் மாதக்கணக்கில் குந்தியிருந்த வேலையற்ற பட்டதாரிகளில் தமிழ்வழி பயின்றோர் பலர். தமிழ்நாட்டின் அனுபவமும் இதை ஒத்ததே. அண்ணா பல்கலைக்கழகம் 2010இல் கட்டடப் பொறியியலையும் இயந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது; அரச வேலைகளில் தமிழ்வழி பயின்றோருக்கு 20 வீத ஒதுக்கீடும் அதே ஆண்டில் வந்தது. தனியார் நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்கு அந்த ஒதுக்கீடு உதவாது என்ற அச்சம் மட்டும் மாணவரை விட்டுப் போகவில்லை.

வன்னிக்கு இன்னொரு நியாயமும் உண்டு. கொழும்பில் வசதியுள்ள பிள்ளை சர்வதேசப் பாடசாலையில் ஆங்கிலம் படித்துவிடுகிறது. நெல் விதைத்துப் பிழைக்கும் குடும்பத்துப் பிள்ளைக்கு அந்த மொழி காசில்லாமல் கிடைக்கும் ஒரே இடம் பல்கலைக்கழகம்தான். பம்பைமடுவில் தமிழ், முஸ்லிம், சிங்கள மாணவர்கள் ஒரே மண்டபத்தில் இருக்கிறார்கள். அங்கே ஆங்கிலம் எவருக்கும் தாய்மொழியல்ல. தடுமாற்றம் எல்லாருக்கும் பொது. அநுராதபுரத்துச் சிங்கள மாணவியும் பூவரசங்குளத்துத் தமிழ் மாணவியும் ஒரே குழுவில் ஒப்படை செய்யும்போது, பிழையான ஆங்கிலத்தில் ஆளுக்காள் புரியவைக்கும் முயற்சியே நட்பாகிறது. 2009இல் போர் முடிந்தபோது, இதே மாவட்டத்தின் செட்டிகுளம் மெனிக் முகாமில் லட்சக்கணக்கான மக்கள் அடைபட்டிருந்தார்கள். அன்று நாலைந்து வயதுக் குழந்தைகளாக இருந்தவர்களின் தலைமுறைதான் அண்மை ஆண்டுகளில் கம்பஸ் போனது. அவர்களுக்கு அந்த நட்பு சின்ன விடயமல்ல.

இவ்வளவும் உண்மை. ஆனால் முதலாம் ஆண்டு விரிவுரை மண்டபத்தில் நடப்பதும் உண்மை.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படித்தவர் வகையிடல், தொகையிடல், ஆர்முடுகல் என்ற சொற்களோடு இரண்டு ஆண்டு சீவித்தவர். கணக்கு அவருக்கு அத்துப்படி. கணக்கின் பெயர்கள் மட்டும் மாறிவிட்டன. குறிப்புக் கொப்பியில் ஆங்கில வரிக்கு மேல் பென்சிலால் தமிழ்ச் சொல்லை எழுதுகிறார். அதை எழுதி முடிக்க விரிவுரையாளர் அடுத்த சிலைட்டுக்குப் போய்விடுகிறார். கேள்வி உண்டா என்று கேட்டால் மண்டபம் அமைதி. மனதில் கேள்வி தயாராக இருக்கிறது, தமிழில். அதை ஆங்கிலமாக்கி, இலக்கணம் சரிபார்த்து, பிழைவிட்டால் யார் சிரிப்பார்கள் என்று யோசித்து முடிக்க நேரம் போய்விடும். இப்படி ஒரு ஆண்டு போனால், எனக்கு மொழிதான் சிக்கல் என்ற எண்ணம் எனக்கு மூளை காணாது என்ற எண்ணமாக மாறுகிறது. ஆங்கில வழியின் பெரிய பாதகம் இதுதான்.

இதன் வேர் பாடசாலையில் இருக்கிறது. 1999இல் உயர்தரத்தில் பொது ஆங்கிலம் வந்தது. ஆனால் பல்கலைக்கழகத் தெரிவுக்கு அதன் புள்ளி சேராது என்பதால், ரியூசனுக்கும் கடந்தகால வினாத்தாளுக்கும் ஓடும் பிள்ளை அதைக் கைவிடுகிறது. 2001இல் உயர்தர விஞ்ஞானத்துக்குத் திரும்பி வந்த ஆங்கில வழியோ ஆசிரியர் கிடைக்கும் நகரப் பாடசாலைகளோடு நின்றுவிட்டது. பதின்மூன்று ஆண்டுக் குறையை நுழைவுக்கால ஆங்கிலப் பாடநெறியின் சில வாரங்கள் தீர்க்கும் என்று எதிர்பார்ப்பது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம். போதாக்குறைக்கு, புதுமுக மாணவர் ஆங்கிலம் கதைத்தால் 'எடுப்புக் காட்டுகிறான்' என்று வாயடைக்கும் பகிடிவதைப் பழக்கம் நாட்டின் பல வளாகங்களில் உண்டு. பயிற்சி எடுக்கவேண்டிய மாதங்களில் பயிற்சிக்கே தடை.

சுரேஷ் கனகராஜா 1980களிலும் 90களின் தொடக்கத்திலும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அந்த வகுப்பு அனுபவத்தை 1999இல் ஆங்கிலத்தில் நூலாக எழுதினார். அமெரிக்கப் பாடப்புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கிவைத்த படங்களையும் குறிப்புகளையும் அவர் பொறுக்கிப் பார்த்தார். வகுப்பில் வாய்திறக்காதவர்கள் புத்தக ஓரத்தில் கேலி பேசினார்கள், அரசியல் பேசினார்கள். வகுப்பறைக்குள் தமிழ் புகுவதை அவர் குற்றமாகக் காணவில்லை; கற்றலின் துணையாகவே கண்டார். அதற்கும் நூறாண்டுக்கு மேல் முன்னர் மானிப்பாயில் அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தையே தமிழில் கற்பித்து வைத்தியர்களை உருவாக்கினார். பல்கலைக்கழகப் பாடத்தைத் தமிழில் விளக்க முடியாது என்ற சாட்டு அப்போதே செல்லுபடியற்றதாகிவிட்டது.

துணிவு இந்தப் பிள்ளைகளிடம் இல்லாமலும் இல்லை. மொறட்டுவைப் பொறியியற் பீடத் தமிழ் மாணவர்கள் ஆண்டுதோறும் வடக்குக் கிழக்கு உயர்தர மாணவருக்கு முன்னோடிப் பரீட்சை நடத்துகிறார்கள். வினாத்தாள் தயாரிப்பது, திருத்துவது, மண்டபம் ஒழுங்கு செய்வது எல்லாம் அவர்கள் கை. இப்படி ஊர்ப் பாடசாலைகளில் கருத்தரங்கு நடத்தப் போகும் மாணவர் கரும்பலகை முன் நின்று கேள்விக்கு மேல் கேள்வி வாங்கி விடை சொல்கிறார். விரிவுரை மண்டபத்தில் வாய்மூடி இருந்தவரும் அவரே.

ஆங்கில வழி தொடரவேண்டும். அதைக் கைவிடுவது வன்னிப் பிள்ளையை மீண்டும் வாசலுக்கு வெளியே நிறுத்துவதாகும். ஆனால் முதலாம் ஆண்டில் ஒவ்வொரு பாடத்துக்கும் கிழமைக்கு ஒரு மணித்தியாலமாவது தாய்மொழியில் கலந்துரையாடும் சிறுகுழு வகுப்பு தேவை. அது மாணவரை இனவாரியாகப் பிரித்துவிடும் என்ற எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆகவேதான் ஒரு மணித்தியாலம் போதும். ஒப்படையும் ஆய்வுகூடமும் கலந்த குழுக்களிலேயே நடக்கட்டும். பாடமாக்கி ஒப்புவிக்கும் பிரசன்டேசனுக்குக் கொடுக்கும் புள்ளியில் ஒரு பங்கை, அதன் முடிவில் வரும் கேள்விகளுக்குத் தடுமாறியேனும் சொல்லும் விடைக்குக் கொடுக்கவேண்டும். பொது ஆங்கிலத்தின் புள்ளியும் பல்கலைக்கழகத் தெரிவில் சேரவேண்டும்; ஆனால் அது கொழும்பில் முடிவாகவேண்டியது. அதற்குக் காலம் எடுக்கும். மற்ற இரண்டுக்கும் புதிய சட்டமோ கட்டடமோ வேண்டியதில்லை. பீடச் சபைகள் மனம் வைத்தால் அடுத்த அணி மாணவர் உள்ளே வரும்போதே தொடங்கிவிடலாம்.