பட்டவரே துணை

பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் 1780களில் மனநோயாளிகள் பிரிவைக் கவனித்த ழான் பாப்டிஸ்ட் புஸ்ஸன், குணமாகி வந்தவர்களையே பணியாளர்களாக அமர்த்திக்கொண்டார். அவர்கள் நோயாளிமேல் கையோங்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு. 1793இல் அங்கு வந்த மருத்துவர் பினெல் இவரிடம் நிறையக் கற்றார். 1999இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலம், மனநோயிலிருந்து மீண்டவர் இன்னொரு நோயாளிக்குத் தரும் இத்தகைய துணைக்கு அரசு மருத்துவக் காப்பீட்டிலிருந்தே பணம் தரத் தொடங்கியது.

நான் ரசிப்பது இந்தத் துணையாளர்களின் அளவறிதலை. தன் கதையைச் சொல்லியாக வேண்டும். எதிரே இருப்பவரின் கதையை அது விழுங்கிவிடவும் கூடாது. சமையலில் உப்பு மாதிரி. “மாத்திரை போட்டா எந்நேரமும் தூக்கமா வருது” என்று ஒருவர் சொன்னால், “எனக்கும் அப்படித்தாங்க இருந்தது. டாக்டர்கிட்ட எப்படிச் சொல்லலாம்னு சேர்ந்து எழுதிப் பார்ப்போமா?” என்பார் துணையாளர். மருந்தை மாற்றச் சொல்ல மாட்டார். அறிவுரையும் கிடையாது, அதற்குத்தான் உறவினர்கள் இருக்கிறார்களே! சில நாள் பேச்சே இருக்காது, கூட நடந்து மருந்துக் கடைவரை போய் வருவதோடு சரி.

இவ்வளவு நுணுக்கமான வேலைக்குப் பல இடங்களில் சம்பளம் சொற்பம் என்பதுதான் உறுத்துகிறது.