வொலோந்தேயின் இரண்டு மோரோக்கள்

நடிகனைப் பாராட்ட நம்மிடம் தேய்ந்துபோன ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘பாத்திரமாகவே மாறிவிட்டான்.’ இத்தாலிய நடிகர் ஜான் மரியா வொலோந்தேயிடம் (1933–1994) இது செல்லாது. அவர் பாத்திரத்தை விசாரணைக் கூண்டில் நிறுத்துகிறவர். விசாரிப்பவரும் விசாரிக்கப்படுபவரும் ஒரே உடலில் இருப்பதுதான் அவர் நடிப்பின் விசேஷம்.

ரோமின் தேசிய நாடக அகாதெமியில் 1957ல் பயிற்சி முடித்தவர். யூதர்கள் கொல்லப்பட்டபோது போப் காத்த மௌனத்தைக் குற்றம்சாட்டும் ஹோக்ஹூத்தின் நாடகத்தை 1965ல் ரோமில் மேடையேற்ற முனைந்தார், போலீஸ் தடுத்தது. அந்த வருஷங்களில்தான் செர்ஜியோ லியோனேயின் துப்பாக்கிப் படங்களில் வில்லனாகவும் வந்தார். முதல் படத்தில் அவர் பெயர்கூட ‘ஜான் வெல்ஸ்’ என்றுதான் போடப்பட்டது.

எலியோ பெத்ரியின் ‘சந்தேகத்துக்கு அப்பாற்பட்ட ஒரு குடிமகன் மீதான விசாரணை’ (1970) படத்தில், காதலியைக் கொன்றுவிட்டுத் தனக்கெதிரான தடயங்களைத் தானே வைத்துவிட்டுப் போகிற போலீஸ் அதிகாரி அவர். கீழே இருப்பவனிடம் ஒரு குரல், மேலே இருப்பவனிடம் இன்னொரு குரல். அதிகாரம் என்பது கருத்து அல்ல, கழுத்திலும் தோளிலும் படிந்துபோன பழக்கம் என்று அந்த உடல் காட்டுகிறது. வசனப் பிரதி முழுவதையும் கையால் திரும்பத் திரும்ப எழுதிப் பார்ப்பது அவர் முறை. உணர்ச்சிவசப்பட்டு நடிக்கிறவன் இப்படிச் செய்யமாட்டான்.

இந்த முறைக்கு வந்த சோதனையைப் பற்றித்தான் எழுத நினைத்தேன்.

லியனார்தோ ஷாஷாவின் நாவலை வைத்து பெத்ரி எடுத்த ‘தோதோ மோதோ’ 1976ல் வந்தது. பூமிக்கடியில் ஒரு தியான மடம். வெளியே கொள்ளைநோய். ஆளுங்கட்சித் தலைவர்கள் ஆன்மிகப் பயிற்சிக்கென்று கூடி, ஒவ்வொருவராகக் கொல்லப்படுகிறார்கள். அவர்களில் முதன்மையானவர் ‘எம்’ என்ற எழுத்தால் மட்டும் அழைக்கப்படுகிறார். கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சியின் அல்தோ மோரோதான் அவர் என்பதில் இத்தாலியில் யாருக்கும் சந்தேகம் இருக்கவில்லை. குழைந்த முணுமுணுப்பு, மன்னிப்புக் கேட்பது போன்ற கைகள், எதையும் முடிவாகச் சொல்லாத பணிவு. முப்பது வருஷ ஆட்சியின் பாசாங்கு முழுவதும் அந்தக் கைகளில் இருக்கிறது. கடைசியில் அவரும் சுட்டுக் கொல்லப்படுகிறார்.

1978 மார்ச் 16 அன்று, கம்யூனிஸ்டுகளின் ஆதரவோடு அமைந்த அரசு நம்பிக்கை வாக்குக் கோர இருந்த நாளில், சிவப்பு பிரிகேட் குழுவினர் நிஜ மோரோவைக் கடத்தினார்கள். 55 நாட்கள். சிறையிலிருந்து அவர் கடிதங்கள் எழுதிக்கொண்டே இருந்தார். பேரம் கிடையாது என்றது அரசு. மே 9 அன்று ரோமில் ஒரு காரின் பின்புறத்தில் உடல் கிடைத்தது.

1986ல் ஜியூசெப்பே ஃபெர்ராராவின் ‘மோரோ வழக்கு’ படத்தில் வொலோந்தே மறுபடியும் மோரோவானார். இம்முறை முழுப் பெயரோடு. அதற்காக 1987ல் பெர்லினில் சிறந்த நடிகருக்கான வெள்ளிக் கரடி விருது கிடைத்தது.

இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தேன். இரண்டாவதைப் பிராயச்சித்தம் என்று சொல்லிவிடுவது சுலபம். எனக்கு அப்படிப் படவில்லை. கைகள் அதே கைகள். குரல் அதே தணிந்த குரல். எதையும் அவர் திருத்திக்கொள்ளவில்லை. ஆனால் முதல் படத்தில் தந்திரமாகத் தெரிந்த தயக்கம், இங்கே சின்ன அறையில், காகிதத்தின் முன்னால், உயிரோடிருக்கும் வழியை வாக்கியம் வாக்கியமாகத் தேடுகிற ஒருவனின் நிதானமாகிறது. பாவனையைக் கழித்தால் மீதி மனிதன் என்று நினைப்போம். பாவனையையும் சேர்த்தே மனிதன் சாகிறான்.

சங்கடம் இனிமேல்தான். ஃபெர்ராராவின் படம் சம்பவங்களை அடுக்கிச் செல்லும் சாதாரணப் படம். கலை என்ற வகையில் ‘தோதோ மோதோ’ அதைவிடப் பெரியது, குரூரமானதும்கூட. நிஜத்தில் கொல்லப்பட்ட ஒருவரைப் பற்றிய அந்தக் கேலிச்சித்திரத்தை இன்றும் உயர்வாகச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அது வன்முறைக்கு வழிகாட்டியது என்று நான் நம்பவில்லை. கலை துப்பாக்கிக்கு விசை அல்ல. என்றாலும் 1978க்குப் பிறகு அந்தப் படத்தைக் கள்ளமில்லாமல் பார்க்க யாராலும் முடியாது.

வொலோந்தே முதல் மோரோவைத் துறக்கவில்லை. அவர் 1975ல் கம்யூனிஸ்டுகள் சார்பில் லாட்சியோ பிராந்திய சபைக்குத் தேர்வாகி, சில மாதங்களில் விலகியவர். கட்சியின் தீர்ப்பு வேறு, கலைஞனின் தீர்ப்பு வேறு என்று அறிந்திருந்தார். கட்சி தன் தீர்ப்பை மாற்றி எழுதிக்கொள்ளும். அவர் பழையதன் பக்கத்தில் இன்னொன்றை வைத்தார். இரண்டும் உண்மை, ஒன்று மற்றதை ரத்து செய்யவில்லை.

விமர்சகனும் இதைத்தான் செய்ய வேண்டும் என்று தோன்றுகிறது. ஒருவன் செத்தபிறகு அவனைப் பற்றிச் சொன்னதை அழித்துவிடுவது மரியாதை அல்ல. சொன்னதை வைத்துக்கொண்டே, சொல்லாமல் விட்டதைச் சொல்லத் திரும்பிப் போவது. அதற்குப் பத்து வருஷம் ஆனாலும் சரி.