கயிறு இழுத்தவர்களின் பாதை

பிரான்சின் ஆறுகளையும் கால்வாய்களையும் ஒட்டிச் சைக்கிளில் ஆறுதலாகப் போவது பற்றி ஐரோப்பிய மொழிகளில் எழுதப்பட்டவை ஏராளம். நாளொன்றுக்கு முப்பது, நாற்பது கிலோமீற்றர். மதியம் ஒரு கிராமத்துச் சந்தியில் பாணும் சீஸும். மாலையில் தண்ணீர் தெரியும் ஒரு விடுதி. அவசரம் என்ற சொல்லுக்கே அங்கு இடமில்லை. டென்மார்க்கிலும் இவ்வகை எழுத்து உண்டு. இங்கு அதற்கு வாய்த்த ஆறு, நாட்டின் மிக நீளமான ஆறாகிய குடெனோ.

இந்த எழுத்து எனக்குப் பிடிக்கும். நடுச்சாமத்தில் றெஸ்ரோறண்ட் வேலை முடிந்து வந்து, கைகளில் சவர்க்கார மணம் போகாமலே இவற்றைப் படித்திருக்கிறேன். பிடிப்பதனாலேயே இதன் குறையையும் சொல்லத் தோன்றுகிறது. பூ, பறவை, பாலம், வைன் எல்லாம் வரும் இந்தப் பக்கங்களில், அந்தப் பாதையைக் காலால் மிதித்து உண்டாக்கியவன் மட்டும் வருவதில்லை.

ஆற்றை ஒட்டி ஒரு பாதை ஏன் இருக்கிறது? நீரோட்டத்துக்கு எதிராகச் சரக்குப் படகைக் கொண்டுபோக, கரையிலிருந்து யாராவது கயிறு கட்டி இழுக்க வேண்டியிருந்தது. மனிதர் இழுத்தனர், குதிரைகளும் இழுத்தன. சில்கபோர்க்கிலிருந்து றண்டஸ் வரை குடெனோவோடு செல்லும் பாதைக்கு டெனிஷ் மொழியில் ‘இழுவைப் பாதை’ என்றுதான் பெயர். பிரெஞ்சுக்காரர் வைத்த பெயரும் அதே பொருளையே தருகிறது. இரு மொழிகளும் அந்த உழைப்பைப் பெயரில் வைத்துக் காப்பாற்றியிருக்கின்றன. மறந்தவர்கள் எழுதுபவர்களே.

குடெனோவின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1844இல் சில்கபோர்க்கில் காகித ஆலை வந்தது. அதைச் சுற்றி ஊர் வளர்ந்தது. தட்டையான படகுகள் றண்டஸுக்கும் சில்கபோர்க்குக்கும் இடையே சரக்கு ஏற்றின. தோளில் பட்டி மாட்டிய ஆட்கள் மழையிலும் குளிரிலும் சேற்றில் நடந்தார்கள். 1871இல் சில்கபோர்க்குக்கு ரயில் வந்தது, படகுத் தொழில் மெலிந்தது. 1921இல் தாங்கே என்னும் இடத்தில் அணை கட்டி மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். ஆறு அங்கே ஏரியாக விரிந்தது. தொழில் போன பின்னும் பாதை கிடந்தது. உல்லாசப் பயணி அதில் வந்து சேர்ந்தான்.

வழிகாட்டிப் புத்தகங்கள் இதை அடியோடு மறைக்கின்றன என்று சொல்வது நியாயமல்ல. இரண்டு வரியும் ஒரு பழைய புகைப்படமும் இருக்கும். ஆனால் அந்த மனிதன் அங்கே அலங்காரமாகவே நிற்கிறான், காற்றாலையைப் போல, கூரை வேய்ந்த பண்ணைவீட்டைப் போல. படகிழுப்போர் தங்கிச் சென்ற ஸ்வோஸ்ரப் சத்திரத்தைப் பற்றி எழுதுவோர் அதன் பழமையையும் சாப்பாட்டையும் மெச்சுவார்கள். எனக்கு எழும் கேள்வி வேறு: நனைந்து வந்த அத்தனை பேருக்கும் அடுப்படியில் நின்று சமைத்தது யார், கோப்பை கழுவியது யார்?

இவ்வகை எழுத்தின் மூத்தவர்களில் ஒருவர் ஆர். எல். ஸ்ரீவன்சன். 1876இல் நண்பரோடு ஆளுக்கொரு சிறுபடகில் பெல்ஜியத்திலிருந்து பிரான்சுக்குக் கால்வாய்கள் வழியாகவும் உவாஸ் ஆற்று வழியாகவும் போனார். 1878இல் அது நூலாக வந்தது, அவருடைய முதல் நூல் அதுவே. சைக்கிள் பயணம் இல்லையென்றாலும், இன்றைய ஆற்றங்கரை எழுத்தின் நடை அங்கேயே உருவாகிவிட்டது: அவசரமின்மை, மெல்லிய கேலி, போகும் வழியெல்லாம் ஒரு தத்துவம். சரக்குப் படகுக்காரனின் வாழ்வைக் கண்டு அவர் பொறாமைகூடப் படுகிறார். கரையில் இருந்து பார்ப்பவனுக்கு எல்லா வேலையும் இலகுதான்!

ஆனால் நூலில் வேறோர் இடம் இருக்கிறது. லா ஃபேர் என்னும் ஊரில், நனைந்த உடையோடு வந்த இருவரையும் தெரு வியாபாரிகள் என்று எண்ணி, விடுதிக்காரி இடம் கொடாமல் துரத்திவிடுகிறாள். பின்னர் 1888இல் அவர் வெளியிட்ட பின்னுரையில் இன்னொரு சம்பவம் வருகிறது. அது முந்திய ஒரு கால்நடைப் பயணத்தில் நடந்தது. லுவார் கரையில் உள்ள ஷத்தியோன் என்ற ஊரில், கையில் தாள் இல்லை, தோற்றம் நாடோடித் தோற்றம் என்பதற்காகப் பொலிஸ் அதிகாரி அவரை நிலவறையில் அடைக்கிறார். பின்னால் வந்த நண்பர் கனவானாக உடுத்தியிருந்தார், தாளும் வைத்திருந்தார். கதவு திறந்தது.

ஸ்ரீவன்சன் இதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறார். முடிவு தெரிந்தவரால் சிரிக்க முடியும். அகதி வாசகனுக்கு அந்தச் சிரிப்பு தொண்டையில் நிற்கும். டென்மார்க்கில் வாழும் எமக்குத் தாளின் கதை தெரியும். 1987இல் நீதி அமைச்சராயிருந்த எரிக் நின் ஹன்சன் தமிழ் அகதிகளின் குடும்ப இணைவு விண்ணப்பங்களைக் கிடப்பில் போடச் செய்தார். ‘தமிழர் வழக்கு’ என்றே பெயர் பெற்ற அந்த விவகாரத்தில் 1993 ஜனவரியில் பிரதமர் போல் ஷ்லூட்டர் பதவி விலகினார். அமைச்சர் 1995இல் தண்டனை பெற்றார். மனைவி பிள்ளைகளின் கடிதத்துக்காகத் தபாற்பெட்டியைப் பார்த்து நின்றவனுக்கு எந்த ஆற்றங்கரை அழகாய்த் தெரிந்திருக்கும்? எனினும் என் கணிப்பில் ஸ்ரீவன்சனின் பயண எழுத்தில் மிகச் சிறந்தவை இந்த இரண்டு இடங்களே. உலகத்தைப் பார்த்துக்கொண்டு போனவரை அங்கே உலகம் திரும்பிப் பார்க்கிறது.

தமிழில் இதற்கு ஒப்பாக வைக்கக்கூடியது பாரதிதாசனின் ‘மாவலிபுரச் செலவு’. சென்னையிலிருந்து பக்கிங்காம் கால்வாயில் நண்பர்களோடு தோணியில் போன அனுபவம் அது. இயற்கையும் தோழமையும் நிறைந்த உல்லாசப் பயணம்தான். ஆனால் கவிஞர் அதோடு நின்றுவிடவில்லை. அந்தத் தோணியை நகர்த்தும் தொழிலாளியின் பாடும் கவிதைக்குள் வருகிறது. தம்மைச் சுமந்து செல்லும் உழைப்பை அவர் காட்சிக்கு வெளியே தள்ளவில்லை. வைன் பற்றிய பத்துப் பக்கங்களில் இல்லாத ஒன்று அந்தச் சிறிய கவிதையில் இருப்பது இதனால்தான்.

இனி எம்மவர் எழுத்துக்கு வருவோம். புலம்பெயர்ந்த எமது பயணக் கட்டுரைகள் பெரும்பாலும் கோபுரம், கோவில், உறவினர் வீடு என்று வரிசையாகச் செல்வன. பஸ்ஸிலோ வானிலோ ஏறி, படம் எடுத்து, இரவோடிரவாகத் திரும்பி, மறுநாள் வேலைக்குப் போய்விடுகிறோம். ஆறுதலாகப் போவதை நாம் வெள்ளைக்காரரின் விளையாட்டு என்று ஒதுக்கிவிட்டோம்.

இத்தனைக்கும் சைக்கிளை எம்மைவிட அறிந்தவர் யார்? தொண்ணூறுகளில் எரிபொருட் தடைக்குள் கிடந்த யாழ்ப்பாணத்தில் விறகும் வெங்காயமும் நோயாளியும் சைக்கிளிலேயே போயினர். 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது நான் சிறுவன். நாவற்குழிப் பாலத்தை நோக்கிய அந்தச் சனத்துக்குள் சைக்கிள்கள் எத்தனையோ இருந்தன, ஆனால் ஏறி ஓடியவரை நான் காணவில்லை. மூட்டையைப் பாரில் கட்டி, கிழவியைக் கரியரில் இருத்தி, எல்லோரும் தள்ளினார்கள். குடெனோக் கரையில் தோளால் படகிழுத்த ஆட்களை எனக்கு விளங்கவைத்தது எந்த வழிகாட்டிப் புத்தகமும் அல்ல, அந்த இரவுதான்.

அதற்காக ஓய்வை வெறுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சில தோழர்கள் அப்படித்தான் கதைக்கிறார்கள்: ஊர் எரியும்போது சைக்கிள் சவாரியா என்று. அவர்கள் மறப்பது ஒன்றுண்டு. 1938இல் டென்மார்க்கின் விடுமுறைச் சட்டம் தொழிலாளருக்குச் சம்பளத்தோடு இரண்டு வார லீவு கொடுத்தது. தொழிற்சங்கங்கள் போராடிப் பெற்றது அது. கயிறு இழுத்தவர்களின் பேரப்பிள்ளைகளும் அதே கரையில் சைக்கிள் ஓட்டக்கூடியதாக வந்தது அந்தப் போராட்டத்தால். ஆக, அந்த ஓய்வும் உழைப்பாளியின் சொத்தே. இன்று சட்டப்படி எமக்கும் ஐந்து வாரம் உண்டு. அதை நாம் இரண்டாவது வேலைக்கும் ஏஜென்சிக் கடனுக்கும் கொடுத்துவிடுகிறோம்.

சென்ற கோடையில் பழைய சைக்கிள் ஒன்றில் சில்கபோர்க்கிலிருந்து றண்டஸ் வரை இரண்டு நாட்களில் போனேன். சில இடங்களில் பாதை ஒடுங்கி மண்ணாகிறது, இறங்கித் தள்ள வேண்டும். தள்ளும்போது ஆறு இன்னும் கிட்டத் தெரிகிறது. பொதிசோறு கொண்டுபோயிருந்தேன். பியறிங்புறோவுக்கு அருகே கரையில் இருந்து சாப்பிட்டபோது, வழியால் போன டெனிஷ் கிழவர் ஒருவர் வணக்கம் சொல்லி, அது என்ன சாப்பாடு என்று கேட்டார். எந்த நாட்டவன் என்று கேட்கவில்லை.

எம்மிடமிருந்து வரவேண்டிய பயண எழுத்து எதுவென்றால், தண்ணீரையும் பார்த்து, கயிற்றுத் தழும்பையும் பார்த்து, இரண்டில் எதற்காகவும் மற்றதை விட்டுக்கொடாத எழுத்து. கோப்பை கழுவும் ஒருவன் லீவு எடுத்து ஆற்றங்கரையில் நான்கு நாள் திரிந்துவிட்டு வந்து எழுதுவானானால், ஸ்ரீவன்சனுக்குக் கிடைக்காத இடத்திலிருந்து அவன் தொடங்கலாம்.